பத்திரப் பதிவேட்டில் நம் பெயர்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த தோழரின் நினைவாகக் கூடும்போது அவர் பெருமைகளைச் சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. அவர் பாதியில் விட்டுச்சென்ற வேலைகளில் எதை நாம் எடுத்துச் செய்வது என்றும் கேட்டுக்கொள்கிறோம். நிலத்துக்காக நின்றவர்கள் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்று மிகவும் அலுப்பானது. அதற்கு மேடை கிடையாது, கைதட்டல் கிடையாது. அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டும். யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், எந்த ஆண்டு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தேடி எடுத்து நகல் வாங்க வேண்டும். நம்முடைய பத்திரம் ஏறாமல் கிடந்தால் அதை ஏட்டில் ஏற்ற வேண்டும்.

அந்த வேலையைப் பற்றிப் பேச, இன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர்களோடு நமக்குள்ள உறவு பழையது. 1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். இந்த உறவைக் கவிதை வழியாகவும் இசை வழியாகவும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பத்திரப் பதிவு அலுவலகத்தின் வழியாக அதிகம் பேசியதில்லை. இன்று பேசிப் பார்ப்போம்.

ஏட்டில் சொத்தாக இருந்தவர்

ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838இல் தப்பி வடக்கே போனார். எழுதினார், பேசினார், உலகம் அறிந்த தலைவரானார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் ஓர் எசமானரின் சொத்துதான். எந்த நாளும் பிடித்துக்கொண்டு போகலாம். 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் திரட்டி எசமானருக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகே அவருக்கான விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டு, பால்டிமோரில் பதிவானது. ஒரு மனிதர் தனக்குத் தானே சொந்தம் என்று சொல்ல ஒரு பத்திரம் தேவைப்பட்டது. அது ஏட்டில் ஏற வேண்டியும் இருந்தது.

35 ஆண்டுகள் கழித்து, 1881இல், குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு அதே டக்ளஸைத் தலைநகர் வாஷிங்டனின் பத்திரப் பதிவாளராக நியமித்தார். 1886 வரை அந்தப் பதவியில் இருந்தார். தலைநகரில் யார் வீடு வாங்கினாலும் விற்றாலும் பத்திரம் அவர் அலுவலகத்தில்தான் பதிவாக வேண்டும். ஏட்டில் சொத்தாக இருந்தவர் ஏட்டுக்குப் பொறுப்பாளரானார்.

இதை வெறும் அதிசயச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்மாநிலங்களில் அடிமைகளை விற்ற பத்திரங்களும் நிலம் விற்ற பத்திரங்களும் பல இடங்களில் ஒரே பத்திரப் புத்தகத்தில்தான் நகலெடுக்கப்பட்டன. ஒரு பக்கத்தில் இத்தனை ஏக்கர்; அடுத்த பக்கத்தில் ஒரு தாயும் பிள்ளையும், விலையோடு. வட கரோலினாவின் பன்கோம் கவுண்டிப் பதிவகம் தன் பழைய புத்தகங்களில் இருந்த இத்தகைய பத்திரங்களைத் தேடி எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. குடும்ப வரலாறு தேடும் கறுப்பின மக்களுக்கு, தங்கள் முப்பாட்டியின் பெயர் கிடைக்கக்கூடிய சில இடங்களில் ஒன்று அவளை விற்ற பத்திரம்தான். எந்த ஏடு அவளைச் சொத்தாக்கியதோ, அந்த ஏடே இன்று அவள் இருந்தாள் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கிறது. நாம் இன்று பேசப்போவது முழுவதும் இந்த இரட்டைத் தன்மையைப் பற்றித்தான்.

கவுண்டி அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது

அமெரிக்காவில் நிலப் பதிவை மத்திய அரசு நடத்துவதில்லை. மாநிலச் சட்டப்படி, பெரும்பாலும் கவுண்டி அளவில் நடக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. நாடு முழுக்க 3,000க்கும் மேல் இருக்கின்றன. டெக்சாஸ், கென்டக்கி போன்ற மாநிலங்களில் பதிவு வேலையைச் செய்பவர் கவுண்டி கிளார்க். வட கரோலினாவில் அவருக்குப் பத்திரப் பதிவாளர் என்று பெயர். மிசிசிப்பியில் நீதிமன்றக் கிளார்க் ஒருவர் அந்த வேலையைப் பார்க்கிறார். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஒருவர் நிலம் வாங்குகிறார். எழுதிக்கொடுப்பவர் பத்திரத்தில் கையொப்பமிட்டு, ஒரு நோட்டரி முன்னால் அதை உறுதிசெய்கிறார். பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர் பெயர், எழுதி வாங்குபவர் பெயர், சொத்து விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பழைய மாநிலங்களில் சொத்து விவரம் நம் நான்கெல்லை மாதிரி வரும்: இந்த ஓடையிலிருந்து அந்தக் கல் வரை, அங்கிருந்து இத்தனை அடி. மேற்கே பல மாநிலங்களில் 1785ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள்: ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். இந்தப் பத்திரத்தைக் கட்டணத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தால், கிளார்க் தேதியும் நேரமும் போட்டு, எண் கொடுத்து, நகலைப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தேடுவதற்கு இரண்டு பெயர் அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக்கொடுத்தவர்களின் பெயர் வரிசை. மற்றது எழுதி வாங்கியவர்களின் பெயர் வரிசை. இன்று நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரை வாங்கியவர் அட்டவணையில் தேடினால், அவர் யாரிடம் வாங்கினார் என்று தெரியும். அப்படி விற்றவரை மறுபடி வாங்கியவர் அட்டவணையில் தேடினால், அவருக்கு முன்னால் இருந்தவர் கிடைப்பார். இப்படித் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு அங்கிருந்து முன்னோக்கி வர வேண்டும். ஒவ்வொருவரும் நிலத்தை வைத்திருந்த காலத்தில் அதை வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா என்று கொடுத்தவர் அட்டவணையில் பார்க்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் உயில், வாரிசு வழக்கு, வரி ஏலம் ஆகியவற்றின் கோப்புகளுக்குப் போக வேண்டும். நாம் வில்லங்கம் பார்ப்பது என்று சொல்லும் அதே வேலை. இதற்கு வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. ஏன் பார்க்கிறாய் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஏடு பொதுமக்களுடையது.

இதில் இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கிளார்க் உண்மையைத் தீர்மானிப்பவர் அல்லர். கையொப்பம், நோட்டரி முத்திரை, விவரம், கட்டணம் இவை இருக்கின்றனவா என்று பார்ப்பார். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா என்று பெரும்பாலும் கேட்க மாட்டார். இரண்டாவது, பதியாத பத்திரம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே செல்லும். ஆனால் அதே நிலத்தை விவரம் தெரியாத மூன்றாம் ஆள் விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், பல மாநிலங்களில் நிலம் அவருக்குத்தான். வட கரோலினாவில் விவரம் தெரிந்ததா தெரியாததா என்ற கேள்விகூடக் கிடையாது. முந்திப் பதிந்தவரே வென்றார்.

விதிகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் எழுதப்பட்டவை. ஆனால் யார் மீது எப்படி விழுந்தன? அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தென்மாநிலங்கள் பலவும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. அந்த மக்கள் விடுதலையடைந்த மறுநாளே எழுத்தில் இயங்கும் ஓர் அலுவலகத்தின் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அந்த அலுவலகம் இருந்ததும் ஷெரீப்பும் நீதிபதியும் இருந்த அதே நீதிமன்றக் கட்டடத்தில்தான். பயந்து போகாமல் பத்திரத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தவர் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டு கையில் இருந்தது, நிலம் போனது

1865 ஜனவரி 16 அன்று தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோரத்தில் கைப்பற்றிய நிலத்தை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை, விடுதலையடைந்த மக்களுக்குக் கொடுக்கச் சொன்னது அந்த ஆணை. சுமார் 40,000 பேர் ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அனுபோகச் சீட்டு. முழு உரிமைப் பத்திரம் அல்ல. அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு கொடுத்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அனுபோகத்தையும் உரிமையையும் பிரித்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது பாடம்.

அதன் பிறகும் அந்த மக்கள் ஓயவில்லை. கூலியைச் சேர்த்து, துண்டு துண்டாக வாங்கி, 1910 அளவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். யாரும் கொடுத்ததில்லை, விலைக்கு வாங்கியது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் அதில் பெரும்பகுதி கைநழுவியது. கொலை மிரட்டல் ஒரு காரணம். கடன் கொடுக்காத வங்கியும் அரசு அலுவலகமும் இன்னொரு காரணம். ஆனால் மிகவும் சத்தமில்லாமல் நடந்தது ஏட்டின் வழியாக நடந்த இழப்பு.

அதில் முதன்மையானது வாரிசுச் சொத்து. தாத்தா நிலம் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்தார். நிலம் பிள்ளைகளுக்கும், பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாமல் பொதுவில் போகிறது. ஏட்டில் இன்னும் தாத்தா பெயர்தான். மூன்று தலைமுறைக்குள் ஐம்பது பங்காளிகள். பாதிப் பேர் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கிறார்கள். ஒரு ரியல் எஸ்டேட்காரர் தூரத்தில் இருக்கும் ஒரு பங்காளியிடம் அவர் பங்கைச் சொற்ப விலைக்கு வாங்குகிறார். வாங்கியதும் அவரும் பங்காளி. நீதிமன்றத்துக்குப் போய்ப் பாகப்பிரிவினை கேட்கிறார். பிரிக்க முடியாது என்று சொல்லி நீதிமன்றம் முழு நிலத்தையும் ஏலம் விடுகிறது. ஏலத்தில் கையில் ரொக்கம் உள்ளவர் அவர் ஒருவரே. நிலத்தில் குடியிருந்து உழுதவர் வெளியே நிற்கிறார். எல்லாம் சட்டப்படி, எல்லாம் முத்திரையோடு.

இதற்கு எதிராகச் சட்டப் பேராசிரியர் தாமஸ் மிட்செல் போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்ததன் பலனாக, 2010இல் வாரிசுச் சொத்துப் பாகப்பிரிவினைக்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. வெளியார் ஏலம் கேட்டால், முதலில் நிலத்தை மதிப்பிட வேண்டும். மற்றப் பங்காளிகள் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். குடும்பத்துக்கும் நிலத்துக்கும் உள்ள நீண்ட உறவையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும். 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன. 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், தெளிவான பத்திரம் இல்லாத வாரிசு விவசாயிகளும் வேறு ஆவணங்களைக் காட்டி அரசுத் திட்டங்களுக்குள் வர வழி திறந்தது.

ஏடே எரிந்த இடங்களும் உண்டு. 1932இல் மிசிசிப்பி மாநிலம் ஜாஸ்பர் கவுண்டியின் பால்டிங் ஊரில் நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த கிழக்குப் பாதியின் நிலப் பதிவுகள் அங்கே இருந்தன. வெள்ளையர் அதிகம் வாழ்ந்த மேற்குப் பாதியின் பதிவுகள் வேறோர் ஊரில் பத்திரமாக இருந்தன. 2001இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் செய்தியாளர்கள் நிலப் பறிப்பைப் பற்றி ஒரு நீண்ட தொடர் வெளியிட்டார்கள். முதியவர்கள் சொன்னதைக் கேட்டு, நீதிமன்றங்களிலும் பதிவகங்களிலும் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 13 மாநிலங்களில் 107 பறிப்புகளை ஆவணத்தோடு நிறுவினார்கள். 406 கறுப்பின உரிமையாளர்கள் 24,000 ஏக்கருக்கும் அதிகமாக இழந்திருந்தார்கள். பாட்டி சொன்ன கதை கட்டுக்கதை என்று சொல்லி வந்தவர்களின் வாயைப் பத்திரப் புத்தகத்தின் பக்க எண் அடைத்தது. வாய்மொழி வரலாறும் ஏடும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடம் அது.

சேரியை உண்டாக்கும் வரி

நிலத்தைப் பறிப்பது ஒன்று. நிலத்தை வாங்கவே விடாமல் தடுப்பது இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க நகரங்களில் வீட்டுப் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை எழுதினார்கள்: இந்த வீட்டைக் கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சில இடங்களில் யூதர்களும் ஆசியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேலி போட வேண்டியதில்லை. பத்திரத்தில் ஒரு வரி போதும். அந்த வரியைக் கிளார்க் முத்திரை வைத்து ஏட்டில் ஏற்றினார்.

செயின்ட் லூயிஸ் நகரில் 1911இல் ஒரு தெருக்காரர்கள் இப்படி 50 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. வெளியேற்றச் சொல்லி அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். 1948இல் உச்ச நீதிமன்றம், இந்த நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் இப்படி எழுதக்கூடாது, பதியக்கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. 1968ஆம் ஆண்டு வீட்டுரிமைச் சட்டம் வந்த பின்னும் இந்த வரிகளைக் கொண்ட பத்திரங்கள் ஏடுகளில் ஏறிக்கொண்டிருந்தன. 1972இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவாளர் அலுவலகம் இவற்றை ஏற்பதே சட்டமீறல் என்று சொன்னது. வழக்கு தொடரப்பட்டது டக்ளஸ் ஒருகாலத்தில் பதிவாளராக இருந்த அலுவலகத்தின் மீதுதான். வெறுமனே பதிகிறோம், எங்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று ஓர் அரசு அலுவலகம் கைகழுவ முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. மினியாபொலிஸ் நகரம் இருக்கும் ஹென்னபின் கவுண்டியின் பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றி, தன்னார்வலர்களை அழைத்து ஒவ்வொன்றாக வாசிக்கச் செய்தார்கள். எந்த வீட்டுப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதோ, அந்த வீட்டை வரைபடத்தில் குறித்தார்கள். எந்தத் தெரு யாருக்காகப் பூட்டி வைக்கப்பட்டது என்று நகரமே கண்ணால் பார்த்தது. 2019இல் மின்னசோட்டா ஒரு சட்டம் இயற்றியது. வீட்டுக்காரர் விரும்பினால், தன் பத்திரத்தில் உள்ள அந்த நிபந்தனையை விலக்குவதாக ஒரு படிவம் எழுதிக் கவுண்டியில் பதியலாம். பழைய பக்கத்தைக் கிழிப்பதில்லை. பழி அப்படியே இருக்கும்; அதற்கு மறுப்பும் அதே ஏட்டில் ஏறும். அழித்துவிட்டால் நாளைக்கு, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்பார்கள்.

நிலம் திரும்பி வந்த கதையும் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் ஊரில் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் 1912இல் கடற்கரையில் மனை வாங்கி விடுதி நடத்தினார். கறுப்பின மக்கள் கடலில் குளிக்க வந்து தங்கும் இடம் அது. 1924இல் ஊர் நிர்வாகம் பூங்கா கட்டப்போவதாகச் சொல்லி அந்த நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. பூங்கா பல ஆண்டுகள் கட்டப்படவே இல்லை. இந்த வரலாற்றை மறக்கவிடாமல் பலர் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2021இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றித் தடையை நீக்கியது. 2022 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அந்த நிலத்தைப் புரூஸ் வாரிசுகளுக்கு எழுதிக்கொடுத்தது. 2023இல் வாரிசுகள் அதைச் சுமார் 2 கோடி டாலருக்குக் கவுண்டிக்கே விற்றார்கள். விற்றிருக்க வேண்டுமா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை, பறித்தவர்களிடமிருந்து அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1912இல் அந்தப் பெண் பத்திரம் எழுதி வாங்கியிருந்ததால், நூறாண்டு கழித்தும் அது யாருடைய நிலம் என்று காட்ட முடிந்தது.

செங்கல்பட்டில் நம் கேள்வி

இனி நம் ஊருக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்கு நம் மக்கள் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுத்தார்கள். குடியிருந்த மனைகூட மிராசுதாரர் கையில் இருந்ததால், எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டு வரை விற்கக் கூடாது. அதன் பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அதையே நாம் பஞ்சமி நிலம் என்கிறோம்.

அங்கே பத்திரத்தில் எழுதிய நிபந்தனை கறுப்பின மக்களை வெளியே தள்ள எழுதியது. இங்கே பட்டாவில் எழுதிய நிபந்தனை நம்மைக் காக்க எழுதியது. அந்த நிபந்தனையை அங்கே அண்டை வீட்டார் நீதிமன்றம் வரை போய் நிறைவேற்றக் கேட்டார்கள். இங்கே நம்மைக் காக்கும் நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியவர்களே மறந்தார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலையில்லை. அதனால் நிபந்தனையை மீறிய கிரயங்களும் ஏட்டில் ஏறின. ஒரு கிரயத்தின் மேல் இன்னொரு கிரயம், அதன் மேல் வங்கி அடமானம், அதன் மேல் மனைப் பிரிவு. முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். நிபந்தனை இருப்பது அதற்கு முன்னால் உள்ள பக்கத்தில்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் காவல் துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது பிச்சையோ புதுச் சலுகையோ இல்லை. ஏட்டில் ஏற்கெனவே எழுதியிருப்பதை நிறைவேற்றச் சொன்னார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் நாம் கேட்பது ஒரு வேலை. இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சேரியில் உள்ள பெரியவர்களிடம் போய், எந்த நிலம் யாருடையதாக இருந்தது, எப்படிப் போனது என்று கேட்டு எழுதுங்கள். பிறகு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் ‘அ’ பதிவேட்டிலும் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். குறிப்புப் பத்தியில் நிபந்தனை என்றோ டி.சி. என்றோ எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். 1980களின் நில உடைமைத் திட்டத்தில் சர்வே எண் மாறியிருக்கலாம்; பழைய எண்ணுக்குப் புது எண் எது என்பதைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதன் பிறகு சார்பதிவாளர் அலுவலகம். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கட்டணம் கட்டிய எவரும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்க்கலாம் என்கிறது. ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். சான்றிட்ட நகல் வாங்குங்கள். இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இன்னொரு வேலை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் குடியிருக்கும் மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலம் கரைந்தது சரியாக இந்த இடத்தில்தான். வாரிசுச் சான்று வாங்குங்கள். பெண் பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாமல் சேருங்கள். பட்டா மாற்றம் செய்யுங்கள். பங்காளிக்குள் மனத்தாங்கல் இருந்தால் ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்து எழுத்தில் போடுங்கள். வெளியார் ஒருவர் ஒரே ஒரு பங்கை மட்டும் விலை பேச வரும்போதே விழித்துக்கொள்ளுங்கள்.

ஏட்டைத் தேடினால் மட்டும் நிலம் வந்துவிடாது என்று நமக்குத் தெரியும். தெருவில் ஆள் திரளாமல் எந்த அலுவலகமும் அசைந்ததில்லை. ஏட்டில் பெயர் இல்லாததால் உரிமை இல்லை என்றும் ஆகிவிடாது. ஏடு யார் கையில் இருந்தது என்பதை நாம் மறக்கப் போவதில்லை. ஆனால் திரண்டு நிற்கும் கூட்டத்தின் கையில் புத்தக எண்ணும் பக்க எண்ணும் இருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசும் தொனி மாறுகிறது. விண்ணப்பத்தைத் தூக்கிப் போடுவது எளிது. அவருடைய அலுவலகமே முத்திரை வைத்துக் கொடுத்த நகலைத் தூக்கிப் போடுவது அவ்வளவு எளிதல்ல.

அடுத்த ஆண்டு இதே நாளில் மறுபடியும் கூடுவோம். அப்போது ஒவ்வொரு மாணவர் குழுவும் ஒரு கிராமத்தின் நகல்களைக் கட்டாகக் கட்டி இந்த மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மறைந்த தோழருக்கு நாம் வைக்கும் மாலை அதுவாக இருக்கட்டும்.